நிறுவனம் சாரா வரலாற்றாய்வாளரும் ஆவணப் படியெடுப்பும்: தரம்பாலின் ஆய்வுப் பணியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழகப் பதவியோ நிலையான ஊதியமோ இன்றி ஆவணக் காப்பகங்களில் பணியாற்றும் வரலாற்றாய்வாளரின் பணிச்சூழல், அவர் எழுதும் வரலாற்றின் வடிவத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சென்னை, இலண்டன் ஆவணங்களை அடிப்படையாகக் கொண்டு எழுதிய தரம்பாலின் (1922–2006) பணி இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. 1822ஆம் ஆண்டு சென்னை மாகாணக் கல்விக் கணக்கெடுப்பு குறித்து அவர் வெளியிட்ட தொகுப்பு, ஆவணங்களை முழுமையாக அச்சிடும் முறையைக் கைக்கொண்டது. அம்முறை, நிறுவனத்தின் துணையற்ற ஆய்வாளரின் நம்பகத்தன்மைக்கு அடிப்படையாக அமைவதோடு, அவருடைய முடிவுகளையே மறுபரிசீலனை செய்வதற்கும் வழிவகுக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தரம்பால், ஆவணக் காப்பகம், நிறுவனம் சாரா ஆய்வாளர், வருவாய் வாரியம், தாமஸ் மன்றோ, மரபுவழிக் கல்வி, படியெடுப்பு.

முன்னுரை

வரலாற்று நூலொன்றைப் படிக்கும்போது அதன் சான்றுகளையும் வாதங்களையும் மதிப்பிடுகிறோம். அச்சான்றுகள் திரட்டப்பட்ட சூழலைப் பெரும்பாலும் கருத்தில் கொள்வதில்லை. ஆய்வாளர் காப்பகத்தில் எத்தனை நாள் அமர்ந்தார், அந்நாள்களுக்குரிய செலவை யார் ஏற்றார், ஆவணத்தின் படியை எவ்வாறு பெற்றார், காப்பக வாயிலில் எந்த அடையாளத்தைக் காட்டி உள்ளே சென்றார் என்பன நூலின் நன்றியுரையில் ஓரிரு வரிகளாகச் சுருங்கிவிடுகின்றன. பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் ஆய்வாளருக்கு இவ்வினாக்கள் பெரிதாக எழுவதில்லை. ஊதியம், விடுப்பு, பயணப்படி, துறைத்தலைவரின் கடிதம் ஆகியவற்றின் வழியாக நிறுவனமே அவற்றுக்கு விடையளித்துவிடுகிறது. நிறுவனம் சாரா ஆய்வாளர் இவற்றைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும்.

இவ்வேறுபாடு ஆய்வாளரின் வசதியோடு நின்றுவிடுகிறதா, அவர் எழுதும் வரலாற்றின் அமைப்பையும் தீண்டுகிறதா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. இதற்கு விடை காணத் தரம்பாலின் ஆய்வு வாழ்க்கை எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவர் தமிழர் அல்லர். ஆயினும் அவருடைய முதன்மையான ஆய்வுகளுள் இரண்டு சென்னை மாகாண ஆவணங்களின்மேல் எழுந்தவை. அவருடைய கருத்துகளைப் போற்றியும் மறுத்தும் பலர் எழுதியுள்ளனர். அவ்விவாதத்தில் ஒரு பக்கம் சாராமல், அவருடைய பணிமுறையை மட்டும் கவனிப்பது இக்கட்டுரையின் எல்லை.

1. பதவியற்ற ஆய்வாளர்

தரம்பால் இன்றைய உத்தரப் பிரதேசத்தில், அப்போது முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காந்த்லாவில் 1922 பிப்ரவரி 19 அன்று பிறந்தார். கல்லூரிப் படிப்பை இடையில் விட்டு 1942ஆம் ஆண்டின் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் ஈடுபட்டார். பின்னர் காந்தியரின் சீடரான மீராபென்னோடு இணைந்து கிராமப் பணிகளில் பங்கேற்றார். 1958 முதல் 1964 வரை ஊரக வளர்ச்சிக்கான தன்னார்வ அமைப்புகளின் சங்கமான 'அவார்ட்' அமைப்பின் பொதுச்செயலாளராக இருந்தார். வரலாற்றுத் துறையில் பட்டம் பெற்றவரல்லர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் வரலாறு கற்பித்தவருமல்லர்.

அவரை ஆவணங்களை நோக்கித் திருப்பியது கிராமப் பணியில் எழுந்த நடைமுறைச் சிக்கலே. பஞ்சாயத்து அமைப்புகளைப் புதிதாக உருவாக்க முனைந்த காலத்தில், இந்நாட்டில் ஊர்கள் தம்மைத் தாமே எவ்வாறு ஆண்டுவந்தன என்ற கேள்விக்கு ஆதாரபூர்வமான விடை அவருக்குக் கிடைக்கவில்லை. அரசியல் நிர்ணய சபை விவாதங்களில் பஞ்சாயத்துப் பற்றிய பகுதிகளைத் தொகுத்து 1962இல் ஒரு நூல் வெளியிட்டார். அதையடுத்து, 1960களின் நடுப்பகுதியில், அகில இந்தியப் பஞ்சாயத்துப் பரிஷத்தின் சார்பில் தமிழ்நாட்டுப் பஞ்சாயத்து அமைப்பை ஆராயச் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தின் வருவாய் வாரியத் தொகுதிகளை அவர் விரிவாகப் படித்தது இக்காலத்தில்தான். சென்னைப் பஞ்சாயத்து அமைப்பு குறித்த அவருடைய நூல் 1972இல் வெளிவந்தது.

1960களின் பிற்பகுதியில் குடும்பச் சூழல் காரணமாக இலண்டனில் தங்க நேர்ந்தபோது, இந்தியா ஆபீஸ் நூலகத்துக்கும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் நாள்தோறும் செல்பவரானார். நிலையான வருவாய் இல்லை, பாட்னாவின் ஏ.என். சின்ஹா சமூக ஆய்வு நிறுவனம் போன்ற அமைப்புகளின் குறுங்கால உதவியும், காந்திய நண்பர்களின் ஆதரவும் மட்டுமே இருந்தன. 18ஆம் நூற்றாண்டு இந்திய அறிவியல் தொழில்நுட்பம் குறித்த தொகுப்பும், 1810–11இல் வாரணாசியில் வீட்டு வரிக்கு எதிராக நடந்த மக்கள் எதிர்ப்பைப் பற்றிய நூலும் 1971இல் வெளிவந்தன. மரபுவழிக் கல்வி பற்றிய 'தி பியூட்டிஃபுல் ட்ரீ' 1983இல் அச்சேறியது. சென்னைக் காப்பகத்தில் அவர் அமர்ந்த காலத்துக்கும் அந்நூல் வெளிவந்த ஆண்டுக்கும் இடையே ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழிந்துள்ளன.

2. வருவாய் வாரியத் தொகுதிகளும் தேடலின் இயல்பும்

இக்கால இடைவெளியைப் புரிந்துகொள்ள, அவர் படித்த ஆவணங்களின் அமைப்பை அறிய வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி கடிதங்களால் நடந்த ஆட்சி. மாவட்டக் கலெக்டர் வருவாய் வாரியத்துக்கு எழுதுவார்; வாரியம் அக்கடிதத்தைத் தன் கூட்டத்தில் பதிவுசெய்து, தீர்மானத்தோடு அரசுக்கு அனுப்பும்; ஆளுநரும் ஆலோசனைக் குழுவினரும் அதன்மேல் குறிப்பெழுதுவர். ஒவ்வொரு நிலையிலும் கடிதம் முழுமையாக ஒரு பெருந்தொகுதியில் படியெடுக்கப்பட்டது. அத்தொகுதிகளின் படிகள் இலண்டனுக்கும் அனுப்பப்பட்டன. எனவே ஒரே கடிதத்தை மாவட்டப் பதிவேடுகளிலும், சென்னையின் வாரிய நடவடிக்கைத் தொகுதிகளிலும், இலண்டன் படிகளிலும் காணும் வாய்ப்பு ஆய்வாளருக்கு உண்டு. தரம்பால் சென்னையில் தொடங்கிய பணியை இலண்டனில் தொடர முடிந்ததற்குக் காரணம் கம்பெனியின் இந்தப் படியெடுப்பு வழக்கமே.

வாரிய நடவடிக்கைகள் பொருள்வாரியாக அல்லாமல் நாள்வாரியாக அமைந்தவை. ஒரே வாரத்துத் தொகுதியில் ஏரி மராமத்துச் செலவு, கோயில் மானியத் தகராறு, உப்பு விலை, வரிபாக்கி, பள்ளிக் கணக்கு ஆகியன அடுத்தடுத்து வரும். சொல்லடைவுகள் உண்டு, ஆனால் அவை அக்கால எழுத்தர் எதை முக்கியமென்று கருதினாரோ அதற்கேற்ப அமைந்தவை. அடைவில் தேடுபவர் அன்றைய அலுவலகத்தின் வகைப்பாட்டுக்குள் நின்றுவிடுகிறார். தொகுதியைத் தொடர்ச்சியாகப் படிப்பவர் அவ்வகைப்பாட்டைக் கடந்து செல்கிறார். அதற்கு விலையாகப் பல மாதங்களைத் தருகிறார்.

தலைப்பும் காலவரையறையும் முன்னரே பதிவுசெய்யப்பட்ட முனைவர் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் முதல் வழியையே தேர்கிறார். தமக்கு வேண்டிய கடிதத்தின் எண்ணைக் குறித்து, தொகுதியை வரவழைத்து, அப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறார். தலைப்புக்கு அப்பாற்பட்ட கடிதம் எவ்வளவு சுவையானதாயினும் ஒதுக்கப்படுகிறது. தரம்பாலின் நூல்கள் வரி எதிர்ப்பு, அம்மை குத்துதல், இரும்பு உருக்குதல், ஊராட்சி, பள்ளி எனப் பல பொருள்களைத் தொட்டுச் செல்கின்றன. ஒரு துறையின் பாடத்திட்டத்துக்குள் அடங்காத இப்பரப்பு, தொடர்ச்சியாகப் படித்தவரின் வாசிப்பைக் காட்டுகிறது. பதவியின்மை அவருக்கு வறுமையைத் தந்தது. தலைப்பைக் கடந்து படிக்கும் உரிமையையும் தந்தது.

3. கையால் படியெடுத்தல்

ஒளிநகல் எடுப்பதற்குப் பணம் வேண்டும். பழைய கட்டுத் தொகுதிகள் பலவற்றை நகலெடுக்கக் காப்பகங்கள் இசைவதுமில்லை. எனவே தரம்பால் ஆவணங்களைக் கையாலேயே எழுதிக்கொண்டார். பின்னர் அவற்றைத் தட்டச்சில் ஏற்றினார். இவ்வாறு சேர்ந்த பல ஆயிரம் பக்கங்களைப் பெட்டிகளில் நிரப்பி இந்தியாவுக்குக் கொண்டுவந்ததை, அவருடைய தொகுநூல்களை 2000ஆம் ஆண்டில் ஐந்து தொகுதிகளாக வெளிக்கொணர்ந்த கிளாட் ஆல்வாரஸ் பதிவுசெய்துள்ளார்.

கையால் எழுதுவதென்பது என்ன என்பதை அனுபவத்தில் அறிந்தோர் உணர்வர். 1820களின் வாரியத் தொகுதிகளில் எழுத்து சீரானது, ஆயினும் தாளின் பின்புற மை முன்புறம் ஊறியிருக்கும், ஓரங்கள் பொடிந்திருக்கும், ஊர்ப்பெயர்கள் ஆங்கிலேயரின் காதுக்கேற்பத் திரிந்திருக்கும். பென்சிலால் மட்டுமே எழுத இசைவுண்டு. அட்டவணை வந்துவிட்டால் வேகம் மேலும் குறையும். ஓர் எண் மாறினாலும் கூட்டுத்தொகை பொருந்தாது; எனவே ஒவ்வொரு வரிசையையும் எழுதியவுடன் கூட்டிப் பார்க்க வேண்டும். இக்கட்டுரையாளர் தம் ஆய்வுக்காக இத்தகைய தொகுதிகளைப் படித்த நாள்களில், ஒரு வேலை நாளில் பத்துப் பக்கங்களைத் தாண்டிப் படியெடுத்தது அரிது.

இம்முறைக்கு இரு விளைவுகள் உண்டு. முதலாவது, படியெடுப்பவர் ஆவணத்தின் ஒவ்வொரு சொல்லையும் கடந்து செல்கிறார். கைப்பேசியில் நூறு பக்கங்களைப் படம்பிடித்து வீடு திரும்புபவர் அவற்றைப் பிறகு படிக்கலாம், படிக்காமலும் போகலாம். எழுதுபவர் எழுதும்போதே படித்தாக வேண்டும். இரண்டாவது, எதை எழுதுவது என்ற தேர்வு அங்கேயே, அப்போதே நிகழ்கிறது. எழுதாமல் விட்ட பக்கத்துக்குத் திரும்பி வர மீண்டும் ஒரு நாள், மீண்டும் ஒரு செலவு. ஆகவே கைப்படியில் கவனம் மிகுதி, விடுபாடும் மிகுதி. தரம்பாலின் தொகுப்புகளை மதிப்பிடும்போது இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

4. 1931இல் எழுந்த கேள்வியும் 1822ஆம் ஆண்டின் ஆவணமும்

1931 அக்டோபர் 20 அன்று இலண்டனின் சாத்தம் ஹவுஸில் பேசிய காந்தியடிகள், ஐம்பது அல்லது நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இந்தியாவில் எழுத்தறிவு குறைந்துவிட்டது என்றும், ஆங்கில ஆட்சி பழைய கல்வி மரத்தின் வேரைத் தோண்டிப் பார்த்து அதனைப் பட்டுப்போகச் செய்துவிட்டது என்றும் கருத்துரைத்தார். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த பிலிப் ஹார்டாக் இதற்கு ஆதாரம் கேட்டார். காந்தியடிகள் தம்மிடமிருந்த கட்டுரைகளைச் சுட்டினார். ஹார்டாக் நிறைவடையவில்லை. 1932 தொடக்கத்தில் காந்தியடிகள் சிறைப்பட்டதால் அவரால் ஆவணங்களைத் தேட இயலவில்லை. அவர் சார்பில் கே.டி. ஷா விரிவான கடிதம் எழுதினார். ஹார்டாக் 1935–36இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவனத்தில் இப்பொருள் பற்றிச் சொற்பொழிவாற்றி, அதனை 1939இல் நூலாக்கினார். மன்றோ தந்த தொகைகளை அவர் ஐயத்தோடு அணுகினார்.

இவ்விவாதத்தில் ஒருவரிடம் கூற்று இருந்தது, ஆவணம் கையில் இல்லை. மற்றவரிடம் நூலகமும் காலமும் நிறுவனமும் இருந்தன. மாவட்ட அறிக்கைகள் முழுமையாக ஆராயப்படவில்லை. அவ்வறிக்கைகளோ சென்னையிலும் இலண்டனிலும் அடுக்குகளில் இருந்தன. 

அவற்றின் வரலாறு வருமாறு: சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, 1822 ஜூன் 25 நாளிட்ட குறிப்பில், மாகாணத்தின் கல்வி நிலையை அறிய ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள பள்ளிகளையும் மாணவரையும் கணக்கெடுக்கப் பணித்தார். அரசு ஜூலை 2 அன்று வருவாய் வாரியத்துக்கும், வாரியம் ஜூலை 25 அன்று கலெக்டர்களுக்கும் எழுதின. மாணவர் எண்ணிக்கையைப் பிராமணர், வைசியர், சூத்திரர், ஏனைய சாதியார், முஸ்லிம்கள் எனவும், ஆண் பெண் எனவும் பிரித்துத் தர வேண்டும் என்பது படிவத்தின் அமைப்பு. மறுமொழிகள் வந்துசேர ஆண்டுகள் ஆயின. கன்னடப் பகுதியின் கலெக்டர் எண்ணிக்கை எதுவும் அனுப்பவில்லை. பெல்லாரியின் கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெல் 1823 ஆகஸ்ட் 17 அன்று அனுப்பிய அறிக்கை, 533 பள்ளிகளையும் 6,641 மாணவரையும் குறிப்பிடுவதோடு, பயிற்றுமுறையையும் பள்ளிகள் நலிந்ததற்கு மக்களின் வறுமை காரணமாவதையும் விரித்துரைத்தது. வாரியம் 1825 பிப்ரவரியில் தொகுப்பறிக்கை அனுப்பியது. 1826 மார்ச் 10 அன்று மன்றோ எழுதிய குறிப்பு, 1,28,50,941 மக்கள்தொகைக்கு 12,498 பள்ளிகள், அதாவது ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ ஒரு பள்ளி என்று கணித்தது.

இதன் சுருக்க அட்டவணை 1831–32ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தாள்களிலேயே அச்சாகிவிட்டது. எனவே தரம்பால் யாரும் அறியாத புதையலைக் கண்டெடுத்தார் என்பது சரியன்று. மாவட்ட அறிக்கைகளைப் பல அறிஞர்கள் கண்டிருக்க வேண்டும் என்று அவரே தம் முன்னுரையில் ஏற்கிறார். எல்லோரும் கடந்து சென்ற இடத்தில் நின்று, அறிக்கைகளைப் படியெடுத்து, அவற்றை ஒருசேர அச்சிட்டதே அவருடைய பங்களிப்பு. 'தி பியூட்டிஃபுல் ட்ரீ' நூலின் பெரும்பகுதி பிற்சேர்க்கைகளால் ஆனது. மன்றோவின் குறிப்புகள், கலெக்டர்களின் மறுமொழிகள், அட்டவணைகள் ஆகியவற்றோடு காந்தியடிகளுக்கும் ஹார்டாக்குக்கும் இடையிலான கடிதங்களும் அங்கு இடம்பெற்றுள்ளன. தரம்பாலின் சொந்த உரை அவற்றுக்கு முன்னுரையாகவே அமைகிறது.

5. அச்சிட்ட ஆவணமும் மறுவாசிப்பும்: தென்னார்க்காடு

பதவியிலுள்ள பேராசிரியர் ஆவணத்தைச் சுருக்கிக் கூறி அதன் எண்ணைக் குறிப்பிட்டால், வாசகர் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார். அவருடைய பட்டமும் நிறுவனமும் அந்நம்பிக்கைக்குப் பிணை நிற்கின்றன. பட்டமில்லாதவருக்கு அப்பிணை இல்லை. ஆவணத்தையே வாசகர் கையில் கொடுப்பது அவருக்குள்ள வழி. தரம்பாலின் பிற்சேர்க்கைகள் அப்பிணையின் இடத்தில் நிற்கின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு. அவருக்குச் சாதகமாக மட்டுமின்றி, அவரைத் திருத்துவதற்கும் அவை பயன்படுகின்றன என்பதை ஒரு சான்றால் காணலாம்.

தமிழ் பேசும் மாவட்டங்களில் சூத்திரரும் ஏனைய சாதியாரும் பள்ளி மாணவருள் 70 முதல் 84 விழுக்காட்டுக்கு மேல் வரை இருந்தனர் என்று தரம்பால் தம் முன்னுரையில் காட்டுகிறார். மரபுவழிக் கல்வி மேற்சாதியாருக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்ற பொதுக்கருத்தை இது வலுவாக அசைத்தது. மேல் எல்லையான 84 விழுக்காடு தென்னார்க்காட்டுக்கு உரியது. அம்மாவட்டத்தின் அட்டவணையை அவருடைய பிற்சேர்க்கையிலிருந்தே எடுத்துப் பார்ப்போம். 875 பள்ளிகளில் 10,523 மாணவர் பயின்றனர். அவர்களுள் பிராமணர் 997, வைசியர் 370, சூத்திரர் 8,032, ஏனைய சாதியார் 872, முஸ்லிம்கள் 252.

சூத்திரரையும் ஏனைய சாதியாரையும் சேர்த்தால் 8,904, இது 84.6 விழுக்காடு. தரம்பாலின் கணக்கு சரியே. ஆனால் இரு பத்திகளையும் பிரித்தால் சூத்திரர் 76.3 விழுக்காடும், ஏனைய சாதியார் 8.3 விழுக்காடும் ஆகின்றனர். 'சூத்திரர்' என்ற பத்தியில் தமிழகத்தின் நிலவுடைமைச் சாதியாரும் கைவினைஞரும் உழவரும் ஒன்றாகவே அடைபட்டிருப்பர். ஒடுக்கப்பட்ட மக்கள் கல்வி பெற்றனரா என்ற வினாவுக்கு விடை தேட வேண்டிய இடம் 'ஏனைய சாதியார்' என்ற சிறிய பத்தி. அதற்குள்ளும் யார் யார் அடங்கினர் என்பதைப் படிவம் கூறவில்லை. மேலும், சூத்திரப் பத்தியில் 94 சிறுமியரும் ஏனையோர் பத்தியில் 10 சிறுமியருமாக மொத்தம் 104 பேரே பெண்கள். இது ஏறத்தாழ ஒரு விழுக்காடு. கல்வி மேற்சாதியாரின் தனியுடைமையாக இல்லை என்ற தரம்பாலின் முடிவை இவ்வட்டவணை உறுதிசெய்கிறது. அது அனைவருக்கும் உரியதாக இருந்தது என்று சொல்ல இடந்தரவில்லை.

இவ்விரு பத்திகளைச் சேர்த்துக் கூறியது தரம்பாலின் முன்னுரையின் குறை. அக்குறையைக் கண்டறிய இக்கட்டுரையாளர் காப்பகத்துக்குச் செல்ல வேண்டியிருக்கவில்லை. பத்திகளைப் பிரித்தே அவர் அச்சிட்டிருக்கிறார். வழிகாட்டியோ கருத்தரங்கோ சக ஆய்வாளரோ இல்லாமல் எழுதியவரின் முன்னுரை, சான்றுகள் தாங்கும் எல்லையைச் சில இடங்களில் கடந்திருக்கலாம். ஆனால் அவ்வெல்லை எது என்பதை வாசகரே அளந்துகொள்ளும் கருவியை அவர் நூலோடு சேர்த்தே தந்துள்ளார்.

6. தமிழ்ச் சூழலும் இன்றைய ஆய்வாளரும்

நிறுவனத்துக்கு வெளியே நடந்த ஆய்வு தமிழுக்குப் புதிதன்று. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் வெளியிட்ட 'மறைந்துபோன தமிழ் நூல்கள்', அழிந்துபோன நூல்களிலிருந்து எஞ்சிய மேற்கோள்களைத் தேடித் தொகுத்து வாசகர் முன் வைத்தது. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனிமனிதராகத் திரட்டிய அச்சு நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளமாக உள்ளன. தம் முடிவுகளைவிடத் தாம் கண்ட மூலங்களைப் பிறர் பயன்கொள்ளுமாறு விட்டுச்செல்வதில் இவர்களும் தரம்பாலும் ஒன்றுபடுகின்றனர்.

இன்று இக்கேள்வி இளம் ஆய்வாளர் பலருக்குத் தம் வாழ்வு சார்ந்ததாகிவிட்டது. முனைவர் பட்டம் பெறுவோர் அனைவருக்கும் பணியிடம் கிடைப்பதில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்த மறுநாளே ஒருவர் நிறுவனம் சாரா ஆய்வாளராகிவிடுகிறார். காப்பகத்தின் அனுமதிப் படிவத்தில் 'நிறுவனம்' என்றொரு கட்டம் உண்டு. உதவித்தொகைக்காலம் முடிந்த நண்பர் ஒருவருடன் ஒரு காப்பகத்துக்குச் சென்றிருந்தபோது, அக்கட்டத்தை நிரப்ப முடியாமல் அவர் நெடுநேரம் நின்றதை இக்கட்டுரையாளர் கண்டார். ஈராண்டுகளாக அவர் படித்துவந்த தொகுதிகள் அதே கட்டடத்தில் இருந்தன. அன்று அவற்றைப் பார்க்காமலேயே திரும்பினோம்.

மின்னாக்கம் இந்நிலையை ஓரளவு மாற்றியுள்ளது. ஆனால் மின்னாக்கப்பட்டவை காப்பகத்தின் ஒரு பகுதியே. எதை முதலில் மின்னாக்குவது என்ற தேர்வு பழைய சொல்லடைவைப் போன்றே ஒரு வடிகட்டியாகச் செயல்படுகிறது. தொகுதிகளைத் தொடர்ச்சியாகப் படிப்பவரின் தேவை குறையவில்லை. அவ்வாறு படிப்பவரைத் தாங்கும் ஏற்பாடுகளே குறைவு. ஆய்விதழ்களும் இதில் தம் பங்கை எண்ணிப் பார்க்கலாம். ஆவணத்தை முழுமையாகப் பதிப்பித்தலை நம் மதிப்பீட்டு முறைகள் பெரும்பாலும் ஆய்வாகக் கருதுவதில்லை. ஆவணத்திலிருந்து இரு வரிகளை மேற்கோள் காட்டி எழுதிய கட்டுரைக்குத் தரும் மதிப்பெண், அவ்வாவணத்தை எழுத்துப் பிழையின்றிப் படியெடுத்து வெளியிட்டவருக்குக் கிட்டுவதில்லை. இணைய இதழுக்குப் பக்க வரம்பு பெரிய தடையன்று. கட்டுரையோடு அதன் மூல ஆவணத்தின் படியையும் இணைத்து வெளியிடும் வழக்கம் இங்கிருந்தே தொடங்கலாம்.

முடிவுரை

தரம்பாலின் பணியிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, நிறுவனம் சாரா ஆய்வாளரின் பணிச்சூழல் அவருடைய வரலாற்றின் வடிவத்தில் பதிகிறது. தொடர் வாசிப்பும் கைப்படியும் நீண்ட காத்திருப்பும் சேர்ந்தே அவருடைய தொகுப்புகளை உருவாக்கின. இரண்டு, ஆவணத்தை முழுமையாக அச்சிடுதல் பதவியற்றவரின் நம்பகத்தன்மைக்கு அடிப்படையாகிறது. மூன்று, அதே செயல் அவருடைய முடிவுகளைத் திருத்தும் உரிமையைப் பிறருக்கு அளிக்கிறது. தென்னார்க்காட்டு அட்டவணை இதற்குச் சான்று.

1931இல் கேட்கப்பட்ட ஆதாரம், 52 ஆண்டுகள் கழித்து, வரலாற்றுப் பட்டமில்லாத ஒருவரின் கைப்படிகளிலிருந்து அச்சேறியது. அதுவும் விவாதத்தை முடித்துவைக்கவில்லை. விவாதிப்பதற்குரிய சான்றுகளை அனைவர்க்கும் பொதுவாக்கியது. பிற்காலத்தில் சேவாகிராம ஆசிரமத்தில் வாழ்ந்த தரம்பால் 2006 அக்டோபர் 24 அன்று மறைந்தார். அவருடைய முன்னுரையோடு உடன்படாதவரும் அவருடைய பிற்சேர்க்கைகளைத் திறக்காமல் 19ஆம் நூற்றாண்டுச் சென்னை மாகாணக் கல்வியைப் பற்றி எழுத இயலாது. காப்பகப் படிவத்தின் 'நிறுவனம்' என்ற கட்டத்தில் எழுத ஏதுமில்லாதவர்களையும் உள்ளே அனுமதிப்பதற்கு இதைவிட வலுவான நியாயம் வேண்டுவதில்லை.